பறவை காட்டும் நூல்கள்

பறவைகளைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் இரு திறத்தன. உயிர் நீங்கிய பறவையின் உடலைக் கையில் ஏந்தி, அதன் இறகையும் அலகையும் அளந்து கூறுவன ஒரு திறத்தன. கிளையில் அமர்ந்து பாடும் பறவையைத் தொலைவிலிருந்து காண்பான் ஒருவனுக்கு, 'இஃது இன்ன பறவை' என அறிவிப்பன மற்றொரு திறத்தன. முன்னவை அறிஞர்க்கு உரியன. பின்னவை சிறுவர் முதல் முதியோர் ஈறாக எல்லார்க்கும் உரியன. நம் நாட்டில் முன்னவை தோன்றி நெடுங்காலம் சென்ற பின்னரே பின்னவை பெருகின.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியப் பறவைகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஆங்கில அரசின் அலுவலராகவும் படைத்தலைவராகவும் இருந்தனர். அவர்கள் பறவைகளைச் சுட்டு வீழ்த்தித் தோலை உரித்துப் பதப்படுத்தி, பெயரும் இடமும் பொறித்த சீட்டுக் கட்டிப் பேழைகளில் அடுக்கி வைத்தனர். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு வழிகோலிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இவர்களுள் தலைசிறந்தவர். அம்மகாசபை தோன்றிய 1885-ஆம் ஆண்டிலேயே அவர் தம் தொகுப்பை இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் காட்சிச்சாலைக்கு வழங்கினார். அதில் அடங்கியிருந்த பறவைத் தோல்கள் 75,000-க்கும் மேற்பட்டவை. இத்தகைய தொகுப்புகளின் துணைகொண்டு, 1889 முதல் 1898 வரையில் ஓட்ஸ், பிளான்போர்டு என்னும் இருவர் இந்தியப் பறவைகளைப் பற்றி நான்கு தொகுதிகள் வெளியிட்டனர். பின்னர் ஸ்டூவர்ட் பேக்கர் அதனை விரித்து, 1922 முதல் 1930 வரையில் எட்டுத் தொகுதிகளாக்கினார்.

இவையெல்லாம் அரிய உழைப்பின் பயன்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தோட்டத்து மாமரத்தில் ஒரு புதிய பறவையைக் கண்டு வியந்து நிற்கும் சிறுவனுக்கு அவற்றால் என்ன பயன்? சிறகின் நீளம் இத்துணை, கால்விரலின் நீளம் இத்துணை என்று நூல் கூறும். பறவையோ மரத்தின் உச்சியில் இருக்கும். அளக்கவேண்டுமாயின் அதனைக் கொன்றாக வேண்டும். பெயர் அறிவதற்கு உயிரையே விலையாகக் கேட்ட நூல்கள் அவை என்று சொன்னாலும் மிகையாகாது.

இந்நிலையில் வேறொரு வழி காட்டியவர் எட்வர்டு ஹாமில்டன் எயிட்கன் என்பார். 1851-இல் மராத்திய நாட்டுச் சதாராவில் பிறந்த இவர், சுங்க இலாகாவில் பணி புரிந்தவர். 1883-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைத் தோற்றுவித்த எண்மருள் ஒருவர். தம் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஈஹா' என்னும் புனைபெயரில் எழுதினார். பம்பாயில் காணப்படும் எளிய பறவைகளைப் பற்றி இவர் இயற்றிய நூல் 1900-இல் வெளிவந்தது. காகம், பருந்து, சிட்டுக்குருவி முதலிய அன்றாடப் பறவைகளை, அடுத்த வீட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல நகைச்சுவை ததும்ப அவர் எழுதினார். அந்நூல் ஒரு சிறுவன் கைக்குச் சென்று சேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

அச்சிறுவனே சாலிம் அலி. 1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்த அவர், இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, அமிருத்தீன் தயாப்ஜி என்னும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். மாமன் வேட்டையில் விருப்பம் மிக்கவர். சிறுவனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வயதளவில், ஒருநாள் அவன் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினான். எடுத்துப் பார்க்கையில் அதன் தொண்டையில் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்று தோன்றிற்று. வழக்கமாகக் காணும் சிட்டுக்குருவிக்கு அவ்வாறு இல்லை. இஃது உண்ணத்தக்கதுதானோ என்று ஐயுற்று, அவன் அதனை மாமனிடம் கொண்டு சென்றான். மாமனுக்கும் அதன் பெயர் தெரியவில்லை. 'தெரியாது' என்று சொல்லி அவர் அதனை எறிந்துவிடவில்லை. இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டு என்பவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, குருவியுடன் சிறுவனை அனுப்பி வைத்தார்.

வெள்ளைக்காரர் ஒருவரைத் தனியே கண்டு பேசுவதற்குச் சிறுவன் அஞ்சினான். அந்த அச்சம் நெடுநேரம் நிற்கவில்லை. மில்லார்டு குருவியைப் பார்த்தவுடன் அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என அறிந்து கூறினார். அத்துடன் நில்லாது, பேழைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைச் சிறுவனுக்குக் காட்டினார். படிப்பதற்குச் சில நூல்களையும் இரவலாகத் தந்தார். அவற்றுள் ஈஹாவின் நூலும் ஒன்று. பிற்காலத்தில் உலகம் போற்றும் பறவை அறிஞராக விளங்கிய சாலிம் அலி, 1985-இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராகச் சூட்டினார். ஒரு பெரியவர் ஒரு சிறுவனுக்கு ஒதுக்கிய சிறிது நேரமும், நம்பிக் கொடுத்த நூல்களும் எவ்வளவு பெரிய விளைவைத் தந்தன!

அவருடைய வாழ்க்கை எளிதாக அமைந்துவிடவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்தார், அது நிலைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் பறவை ஆராய்ச்சிக்குரிய அரசுப் பதவி கிட்டவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருவோர்க்கு விளக்கம் கூறும் விரிவுரையாளர் ஆனார். பின்னர் ஜெர்மனி சென்று, பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெசிமன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1930-இல் திரும்பி வந்தபோது, பொருட்குறையால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது. மனைவி தெகமினாவுடன் அவர் பம்பாய்த் துறைமுகத்திற்கு அப்பால் உள்ள கிகிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேறினார்.

வேலையற்றிருந்த அம்மழைக்காலமே அவருக்குப் பெரும்பேறாயிற்று. வீட்டருகே தூக்கணங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. நாள்தோறும் மணிக்கணக்காக அமர்ந்து அவர் அவற்றை நோக்கினார். ஆண் குருவியே கூடு பின்னுகிறது. கூடு பாதியளவு அமைந்ததும் பெண் குருவிகள் வந்து உள்ளே புகுந்து சோதிக்கின்றன. பிடித்திருந்தால் ஒரு பெண் குருவி அதனை ஏற்றுக்கொள்கிறது. பிடிக்காவிடின் பறந்து சென்றுவிடுகிறது. ஏற்கப்பட்ட கூட்டினை ஆண் குருவி நீண்ட வாயிலுடன் முடித்துக் கொடுக்கிறது. பெண் குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி வேறொரு கூட்டைக் கட்டி, வேறொரு துணையை நாடுகிறது. தூக்கணங்குருவியின் இல்லற முறையை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் எவரும் விளக்கியதில்லை. கூட்டினுள் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து அக்குருவி விளக்கேற்றும் என்று நம் நாட்டில் ஒரு கதை வழங்குகிறது. களிமண் இருப்பது மெய். விளக்கு இருப்பது கற்பனை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்குப் பொறுமையுடன் நோக்கும் கண் ஒன்றே போதுமானதாய் இருந்தது.

அதன்பின் அவர் ஐதராபாத்து, திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமத்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புகளை நடத்தினார். அப்பணியில் அவரும் பறவைகளைச் சுட்டுப் பதப்படுத்தியது உண்டு. அக்காலத்து ஆராய்ச்சி அதனை வேண்டிற்று. ஆனால் அவர் பொதுமக்களுக்கென எழுதிய நூல் துப்பாக்கியை வேண்டவில்லை. இந்தியப் பறவைகளைப் பற்றிய அந்நூலை 1941-ஆம் ஆண்டில் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. பறவைகளுக்கு வண்ணப்படங்கள், படத்தையொட்டிப் பருமன், தோற்றம், வாழிடம், பழக்கம், கூடு ஆகியவை பற்றிச் சுருக்கமான குறிப்புகள். இவ்வளவே அதன் அமைப்பு.

அந்நூலின் நுட்பம் பருமனைக் கூறும் முறையில் விளங்குகிறது. இத்தனை அங்குலம் என்று மட்டும் சொன்னால், மரத்தின்மேல் இருக்கும் பறவையை யார் அளப்பது? ஆகவே சாலிம் அலி, எல்லாரும் அறிந்த சில பறவைகளையே அளவுகோலாகக் கொண்டார். சிட்டுக்குருவி, காடை, சின்னான், மைனா, புறா, காகம், பருந்து, நாட்டுக்கோழி முதலியன அவ்வளவுகோல்கள். ஒரு பறவை மைனாவின் அளவினது. அல்லது மைனாவினும் சற்றுப் பெரியது. அல்லது சற்றுச் சிறியது. பெரியதற்குக் கூட்டல் குறி, சிறியதற்குக் கழித்தல் குறி. சிட்டுக்குருவி ஏறத்தாழ 15 செண்டிமீட்டர், மைனா 23, காகம் 43 என்பது எவர் நினைவிலும் எளிதில் நிற்பதில்லை. ஆனால் மைனாவைக் காணாத சிறுவன் நம் நாட்டில் யார்? அவன் கண்ணிலேயே அளவுகோல் இருக்கிறது. ஆசிரியர் செய்தது, அது அங்கே இருப்பதை அவனுக்கு நினைவூட்டியதே.

எடுத்துக்காட்டாக, கொண்டலாத்தியைக் கொள்வோம். புல்வெளியில் மைனாவின் அளவுள்ள பறவை ஒன்று நடந்து செல்கிறது. உடல் மங்கிய செம்மஞ்சள். சிறகுகளில் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள். தலையில் விசிறிபோல் விரியும் கொண்டை. மெலிந்து நீண்டு சற்றே வளைந்த அலகு. அலகின் நீளத்தைக் கண்டு பலரும் அதனை மரங்கொத்தி என்று கூறிவிடுவர். மரங்கொத்தியோ அடிமரத்தைப் பற்றிக்கொண்டு பட்டையைத் தட்டும். கொண்டலாத்தி தரையில் நடந்து, மண்ணைத் துழாவிப் புழுப் பூச்சிகளைத் தின்னும். பருமன், நிறம், கொண்டை, அலகு, செயல் என்று ஐந்தையும் வரிசையாக நோக்கக் கற்றவன் பின்னர் ஏமாறான். நூலைத் திறந்து பார்ப்பதற்கு முன்னரே அவன் பாதி விடையைக் கண்டிருப்பான்.

உருவத்தை எழுதுவதினும் குரலை எழுதுவது அரிது. நெற்றிக்கண் தசைபோல் சிவந்த தொங்கலையுடைய ஆட்காட்டியின் கூவலை ஆங்கிலேயர், 'அவனா செய்தான்' எனப் பொருள்படும் தம் மொழித் தொடராகக் கேட்டனர். சாலிம் அலியும் அவ்வாறே குறித்தார். நம் உழவரோ, வயலில் ஆள் வரக் கண்டதும் அது கூவுவதை நோக்கி, ஆட்காட்டி என்றே பெயரிட்டுவிட்டனர். கோடையில் குரலை மேலும் மேலும் உயர்த்திக் கூவும் குயிலினத்துப் பறவை ஒன்று உண்டு. அதன் கூவலில் ஆங்கிலேயர் மூளைக் காய்ச்சலைக் கேட்டனர். இந்தி மொழியார், 'அன்பன் எங்கே' என்னும் வினாவைக் கேட்டனர். மராத்தியர், 'மழை வந்தது' என்னும் நற்செய்தியைக் கேட்டனர். தமிழில் அதற்கு அக்காக்குயில் என்று பெயர். பறவை ஒன்றே, குரலும் ஒன்றே. வெயிலில் வாடிய அயல்நாட்டார் செவிக்கும், மழையை எதிர்நோக்கும் உழவன் செவிக்கும் அது வேறு வேறாக ஒலித்தது. பறவை நூல் படிப்போர் இத்தகைய இடங்களில் மனிதரைப் பற்றியும் சிறிது கற்றுக்கொள்கின்றனர்.

அந்நூல் பல பதிப்புகள் கண்டது. பின்னர் 1967-இல், தம் உறவினரான லயீக் ஃபதே அலி அம்மையாருடன் சேர்ந்து, எளிய பறவைகளைப் பற்றி மற்றொரு சிறு நூலைச் சாலிம் அலி எழுதினார். தேசியப் புத்தக நிறுவனம் அதனை வெளியிட்டது. இந்திய மொழிகள் சிலவற்றிலும் அது பெயர்க்கப்பட்டது. டில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞருடன் அவர் இயற்றிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1968 முதல் 1974 வரையில் வெளிவந்தது. அறிஞர் அப்பெருநூலைப் போற்றுவர். எனினும், ஊர்தோறும் பறவை நோக்குவோரை உருவாக்கியது 1941-இன் சிறுநூலே எனலாம். சாலிம் அலி 1987-இல் மறைந்தார்.

ஆங்கிலம் அறியாத சிறுவர்க்கு இச்செல்வம் நெடுநாள் எட்டாமலே இருந்தது. தமிழில் அக்குறையைப் போக்க முயன்றவருள் மா. கிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912-இல் பிறந்த இவர், 1950 முதல் 1996-இல் மறையும் வரையில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதி வந்தார். தாமே படம் வரைவார். தாமே நிழற்படமும் எடுப்பார். தமிழிலும் பறவைகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார். அவை அவர் மறைவிற்குப் பின், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் நூலாகத் தொகுக்கப்பெற்றன.

க. ரத்னம் என்னும் அறிஞர் செய்த பணி வேறு வகையானது. அவர் தமிழ்நாட்டுப் பறவைகளைப் பற்றி நூல் எழுதியதோடு, பறவைகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர்களையும் தொகுத்தார். நூலில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர் என்றிருந்தால், படிக்கும் சிறுவன் தான் நாளும் காணும் பறவையையே அறியாதவன் ஆகிவிடுவான். ஆகவே இத்தொகுப்பு மிக இன்றியமையாதது. மின்கம்பியிலும், மேயும் மாட்டின் முதுகிலும் அமர்ந்திருக்கும் கரிய பறவை ஒன்றைக் கரிச்சான் என்பர், கரிக்குருவி என்பர், வால் பிளவுபட்டிருத்தலின் இரட்டைவால் குருவி என்பர், வலியன் என்றும் கூறுவர். முதல் இரண்டும் நிறத்தைக் காட்டுகின்றன. மூன்றாவது வடிவத்தைக் காட்டுகிறது. வலியன் என்னும் பெயரின் பொருத்தம் அதன் கூட்டருகே நின்று பார்ப்போர்க்கு விளங்கும். தன்னினும் பன்மடங்கு பெரிய காகமும் பருந்தும் அணுகினால், அது சீறிப் பாய்ந்து துரத்திவிடுகிறது. அந்தக் காவலை நாடிப் புறா முதலிய மெலிந்த பறவைகள் அதே மரத்தில் கூடு கட்டுவதும் உண்டு. இந்தி நாட்டார் அதற்கு இட்ட பெயர் கோத்வால். நகர்க்காவல் தலைவன் என்பது அதன் பொருள்.