ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறீர்களா?

புது ஐபோன் வாங்கும் அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது பழைய வாட்ஸ்அப் உரையாடல்களைத்தான்.

1. ஐபோனை முதன்முதலாக ஆன் செய்து அமைக்கும்போதே, பழைய போனில் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைத் திறந்து, ஐபோன் திரையில் தெரியும் எண்களை இட்டு, பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் டிரைவ் பேக்கப் ஐபோனில் இறங்காது. அமைத்து முடித்துவிட்டால் இந்த வழிக்கு ஐபோனை ரீசெட் செய்ய வேண்டியிருக்கும்.

2. இரண்டு போன்களையும் சார்ஜரில் போடுங்கள். பாதியில் அணைந்தால் வேலை கெடும்.

3. ஐபோனில் பழைய போன் எண்ணிலேயே வாட்ஸ்அப்பைத் தொடங்குங்கள். வேறு எண்ணுக்கு உரையாடல்கள் வராது.

4. சிம்மை ஐபோனுக்கு மாற்றிய பிறகே ஜிபே, போன்பேயைத் திறவுங்கள். சரிபார்ப்பு எஸ்எம்எஸ் அந்தச் சிம்மிலிருந்துதான் போக வேண்டும்.

பழைய போனை உடனே விற்காதீர்கள். படங்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்த்து, பிறகு ரீசெட் செய்யுங்கள். மாற்றிய பின்னும் தகவல்கள் அதிலேயே இருக்கும்.