பென்ஷன் கணக்கை கோர்ட் முடக்கினால்: பதறாமல் செய்ய வேண்டிய பதினோரு காரியங்கள்

மாதத்தின் ஒன்றாம் தேதி. என் அத்தை சர்க்கரை மாத்திரை வாங்க ஏ.டி.எம்.முக்குப் போனார். பணம் வரவில்லை. வங்கியில் கேட்டதற்கு, “கோர்ட் ஆர்டர் வந்திருக்கும்மா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது” என்றார்கள். என்றோ பக்கத்து வீட்டுக்காரருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து டிக்ரியாகி, ஜப்தியாக வந்து நின்றது.

அத்தை அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கில் இருந்ததில் பெரும்பகுதி பென்ஷன். சட்டப்படி அதை ஜப்தி செய்ய முடியாது. ஆனால் வங்கிக் கம்ப்யூட்டருக்கு எல்லாப் பணமும் ஒன்றுதான். இது பென்ஷன் பணம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். கோர்ட்டில், அதுவும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். அந்த அலைச்சலில் நான் கற்றுக்கொண்டவை இவை.

1. முடக்கியது யார் என்று முதலில் கேளுங்கள்.
சிவில் கோர்ட்டின் ஜப்தி வேறு. சைபர் கிரைம் போலீஸ் முடக்குவது வேறு. வருமான வரித்துறை நோட்டீஸ் வேறு. வங்கியே தன் கடனுக்காகப் பிடித்து வைப்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடமும் வேறு. கோர்ட் உத்தரவு என்றால் அதன் நகல் கேளுங்கள். கோர்ட்டின் பெயர், நிறைவேற்று மனுவின் எண், பிடித்துவைத்த தொகை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் பெயரைப் போட்டுத் தேடினாலும் வழக்கு விவரம் கிடைக்கும்.

2. எந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள்.
1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60 இதைப் பட்டியலிடுகிறது. பென்ஷன், கிராஜுவிட்டி (தனியார் நிறுவனம் தருவதும் சேர்த்து), பிராவிடண்ட் ஃபண்டிலும் பி.பி.எஃபிலும் இருக்கும் பணம், கடனாளியின் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியில் வரவேண்டிய தொகை, கூலித் தொழிலாளர், வீட்டு வேலை செய்பவர்களின் ஊதியம் ஆகியவை ஜப்திக்கு அப்பாற்பட்டவை. அரசுப் பென்ஷனுக்கு 1871-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டமும் துணை நிற்கிறது. வீட்டு வாடகை, வியாபார வரவு, நிலம் விற்ற பணம் ஆகியவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

3. சம்பளம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.
முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 31,000 என்றால் 1,000 போக மீதி 30,000. அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10,000 மட்டுமே பிடிக்கலாம். 21,000 உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். ஒரே டிக்ரிக்காக மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அதற்குமேல் அந்த டிக்ரிக்காகச் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. ஜீவனாம்ச டிக்ரிக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்: அங்கே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு.

4. “வங்கிக்கு வந்துவிட்டால் பென்ஷன் இல்லை” என்று சொன்னால் நம்பாதீர்கள்.
எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். பென்ஷனையும் கிராஜுவிட்டியையும் ஃபிக்ஸட் டெபாசிட்டாகப் போட்டு வைத்தாலும் அவற்றின் தன்மை மாறாது, ஜப்தி செய்யக் கூடாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. பஞ்சாப் நேஷனல் வங்கி சம்பந்தப்பட்ட வழக்கு அது. உங்கள் வக்கீலிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

5. பாஸ்புக்கில் பென்சிலால் கோடு போடுங்கள்.
இதுதான் வழக்கின் உயிர். ஓர் ஆண்டு வரவு செலவை வங்கியில் அச்சிட்டு வாங்கினோம். அத்தை சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, ஸ்கேல் வைத்து, பென்ஷன் வரவு ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டார். பன்னிரண்டு கோடுகள். நடுவே ஒரே ஒரு வரவுதான் இடித்தது: தோட்டத்துத் தேங்காய் விற்ற 12,000 ரூபாய். அதைத் தனியே வட்டமிட்டோம். கோடு போட்ட பட்டியலோடு ஓய்வூதியக் கொடுப்பாணை நகலையும் பென்ஷன் சீட்டையும் சேர்த்து வையுங்கள். பணம் எங்கிருந்து வந்தது என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

6. மனுவை டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட்டிலேயே போடுங்கள்.
வங்கி மேலாளரிடம் மன்றாடிப் பயனில்லை. உத்தரவு போட்ட கோர்ட்தான் அதை விலக்க முடியும். தனி வழக்குத் தேவையில்லை. அதே நிறைவேற்று மனுவில் ஆட்சேபனை மனுவும் பிரமாண வாக்குமூலமும் தாக்கல் செய்தால் போதும். கூடவே இரண்டு கோரிக்கைகளை வையுங்கள்: மனு முடியும்வரை பணத்தைக் கடன் கொடுத்தவருக்கு அனுப்பக் கூடாது, அடுத்தடுத்து வரும் பென்ஷனை நிறுத்தி வைக்கக் கூடாது.

7. நாளைக் கடத்தாதீர்கள்.
முடக்கிய பணம் உடனே கை மாறிவிடாது. கோர்ட்டில் கட்டும்படி வங்கிக்கு உத்தரவு போன பிறகுதான் வெளியேறும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். வேண்டுமென்றே தாமதித்து வந்த ஆட்சேபனையைக் கோர்ட் விசாரிக்காமலே தள்ளலாம். சம்மனே வராமல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகியிருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யவும் மனுப் போடலாம்.

8. ஜாயின்ட் கணக்கா? மற்றவரும் பேச வேண்டும்.
கடன் கணவர் பெயரில், கணக்கு இருவர் பெயரில், பணம் மனைவி சம்பாதித்தது என்றால், மனைவி தனியே ஆட்சேபனை மனு போடலாம். அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 58 அதற்கு இடம் தருகிறது. தன் சம்பளச் சீட்டையும் வரவு விவரத்தையும் அவர் இணைக்க வேண்டும்.

9. “எழுதிக் கொடுத்துவிட்டோமே” என்று கலங்காதீர்கள்.
கடன் வாங்கும்போது, “பென்ஷனைப் பிடித்துக்கொள்ளலாம், சட்டப் பாதுகாப்பைக் கோர மாட்டேன்” என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். பிரிவு 60(1A)-இன்படி அப்படிப்பட்ட ஒப்பந்தம் செல்லாது. அத்தையின் முகம் தெளிந்தது இதைக் கேட்ட பிறகுதான். தன் கையெழுத்தே தன்னைக் கட்டிப்போட்டுவிட்டதாக அதுவரை அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

10. ஜெயில் என்று மிரட்டினால் அஞ்சாதீர்கள்.
பணக் கடன் டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது; பிரிவு 56 தடுக்கிறது. ஆண்களையும், வசதி இருந்தும் ஏமாற்றினால்தான் சிறைக்கு அனுப்பலாம். வெறும் வறுமை குற்றமல்ல என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. “வசதி இருக்கிறதா” என்று கோர்ட் கணக்கிடும்போதும், ஜப்தி செய்ய முடியாத பணத்தைச் சேர்க்கக் கூடாது. வீட்டுக்கு வந்து மிரட்டினால் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

11. வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100-ஐ அழையுங்கள்.
இது சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். கோர்ட் வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். முடக்கிய கணக்கைக் காட்டிக் கேளுங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.

அத்தையின் வழக்கில் பென்ஷன் பணம் முழுதும் விடுபட்டது. தேங்காய்ப் பணம் 12,000 மட்டும் கடனுக்குப் போனது. இப்போது அவரிடம் இரண்டு பாஸ்புக்குகள் இருக்கின்றன. ஒன்றின் அட்டையில் “பென்ஷன் மட்டும்” என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார். வேறு ஒரு ரூபாய்கூட அதில் போடுவதில்லை. உங்கள் வீட்டிலும் பென்ஷன் வாங்குகிற பெரியவர் இருந்தால், இந்த வாரமே அப்படி ஒரு தனிக் கணக்கு ஏற்பாடு செய்துகொடுங்கள்.