ஃபார்ம் 3 வாங்கியாச்சா?

கல்லூரி விளையாட்டு விழாவில் கழுத்தில் விழும் பதக்கங்களில் பெரும்பாலானவை வேலை விண்ணப்பத்தில் ஒரு மதிப்பெண்கூடப் பெற்றுத்தராதவை. காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் நின்று, வொர்க்அவுட் முடித்து, ஹாஸ்டல் இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு ஈரத் தலையோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு இதை யாராவது முதலாம் ஆண்டிலேயே சொல்லியாக வேண்டும். மூன்றாம் ஆண்டு மார்ச்சில் தெரிந்துகொண்டால் செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது. கல்லூரி ஓட்டக்காரர்களையும் அவர்கள் வீட்டாரையும் வழிதவறவைக்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவற்றை நம்பி மூன்று வருட வியர்வையை இழந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம் என்பதால்தான் எழுதுகிறேன்.

நம்பிக்கை: மெடல் சேர்த்துக்கொண்டே போனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை வந்துவிடும்.

கோட்டா இருப்பது உண்மை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, அஞ்சல், வருமான வரித் துறை என மத்திய அரசிலும் வாய்ப்புகள் உண்டு. ஆனால் அங்கே யாரும் மெடல்களை எண்ணிப் பார்ப்பதில்லை. எந்தப் போட்டியில், யாருடைய அணிக்காக ஓடினாய் என்றுதான் கேட்கிறார்கள்.

மத்திய அரசு விதிகளில் இதற்கென்றே தனித்தனிப் படிவங்கள் உண்டு. இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டியில் கலந்துகொண்டவருக்கு ஃபார்ம் 1. மாநில அணிக்காக தேசியப் போட்டியில் ஓடியவருக்கு ஃபார்ம் 2. பல்கலைக்கழக அணிக்காக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஓடியவருக்கு ஃபார்ம் 3. மாநிலப் பள்ளி அணிக்காக தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஓடியவருக்கு ஃபார்ம் 4. கல்லூரி ஸ்போர்ட்ஸ் டேயில் வாங்கிய முதலிடம் இவற்றில் எதிலும் அடங்காது. கல்லூரிகளுக்கு இடையிலான மீட்டில் வாங்கிய தங்கமும் அடங்காது. அந்தத் தங்கம் பல்கலைக்கழக அணிக்குள் போவதற்கான வழி, அவ்வளவே. அணியில் இடம் கிடைத்து, அகில இந்தியப் போட்டிக்குப் போய் ஓடினால்தான் கணக்கு தொடங்குகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைதானத்தில் கையில் கொடுக்கப்படும் மெரிட் சர்டிபிகேட்டும் ஃபார்ம் 3-ம் ஒன்றல்ல. ஃபார்ம் 3-ல் பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர், அல்லது அந்தப் பொறுப்பில் உள்ள அதிகாரி, நேரடியாகக் கையெழுத்திட வேண்டும். கல்லூரி உடற்கல்வி இயக்குநரின் கையெழுத்து இதற்குப் போதாது. ஓடிவிட்டு வந்த அந்தப் பருவத்திலேயே இதை வாங்கி வைப்பது எளிது. படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் கழித்து ஒரு வேலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போனால், அதிகாரி மாறியிருப்பார். பழைய அணிப் பட்டியலைத் தேடியெடுக்க வேண்டியிருக்கும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி யாருக்காகவும் காத்திருக்காது.

ரயில்வேயின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஓட்டக்காரர்கள் மிக அதிகமாகக் கனவு காண்பது அந்த வேலையைத்தான். மொத்தம் 100 மதிப்பெண். விளையாட்டுச் சாதனைக்கு 50. நேரில் ஓடிக்காட்டும் டிரையலுக்கு 40. அதில் 25 வாங்கினால்தான் அடுத்த கட்டம். கல்வித் தகுதிக்கு 10. வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. பழைய சாதனை எல்லாம் செல்லாது. நடப்பு நிதியாண்டும் அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகளும்தான் பார்க்கப்படும். முதலாம் ஆண்டில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் மூன்றாம் இடம் வாங்கிய பெண், “அதான் மெடல் இருக்கே” என்று ஓட்டத்தை விட்டுவிட்டு, பட்டம் வாங்கியபின் வீட்டிலிருந்தபடி அறிவிப்புக்காகக் காத்திருந்தால் என்ன ஆகும்? அறிவிப்பு வரும்போது சாதனை காலாவதியாகியிருக்கும், டிரையலில் ஓட உடம்பில் ஓட்டமும் இருக்காது. காத்திருக்கும் காலத்திலும் ஓடிக்கொண்டிருப்பவருக்குத்தான் இந்த வேலை.

நம்பிக்கை: நன்றாக ஓடுபவருக்குக் காக்கிச் சட்டை உறுதி.

இது நம் கிராமங்களில் மிக ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. மிகவும் வலிக்கிற ஏமாற்றமும் இதில்தான் நேர்கிறது.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வில் இரண்டாம் நிலைக் காவலராக ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள். இவை தகுதி ஓட்டங்கள் மட்டுமே. 1500 மீட்டரை நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டி முடிக்கும் பல்கலைக்கழக ஓட்டக்காரனும், ஆறு நிமிடம் ஐம்பத்தைந்து விநாடியில் மூச்சுவாங்கி முடிப்பவனும் இங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவன் ஆண்டுக்கணக்காகக் குறைத்துக்கொண்டு வந்த அந்த மூன்று நிமிடத்துக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

மதிப்பெண் எங்கே இருக்கிறது? எழுத்துத் தேர்வுக்கு 70. உடல்திறன் போட்டிக்கு 24. ஆண்களுக்கு அது கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு எல்லாம் சேர்த்து 6. அதற்கும் முன்னால் தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் வாங்கியாக வேண்டும், இல்லையென்றால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே நெடுந்தூரம் ஓடும் பிள்ளை காவலராக விரும்பினால் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, தினமும் எழுத்துத் தேர்வுக்குப் படிப்பது. இன்னொன்று, தோள் வலுவுக்குக் கயிறும், காலுக்குத் தாண்டுதலும் பழகுவது. இரண்டாவது வேலை அவனுடைய ஓட்டத்துக்கும் நல்லதுதான். வாரத்தில் இரண்டு நாள் உடல் வலுப் பயிற்சி செய்யாத நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு முழங்காலும் கெண்டைக்காலும் தொந்தரவு கொடுக்கலாம்.

ராணுவத்திலும் இதே கதைதான். 2023 முதல் அக்னிவீர் தேர்வில் கணினிவழி எழுத்துத் தேர்வு முதலில் வருகிறது. அதில் தேறியவர்தான் ஓட்டத்துக்கே அழைக்கப்படுகிறார். பட்டம் முடிக்கும் வயதும் அக்னிவீர் வயது வரம்பு முடிவதும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்பதையும், நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரைதான் தொடர்ந்து பணியில் வைக்கப்படுவார்கள் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

நம்பிக்கை: மூன்றாம் ஆண்டு வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் படிக்க வேண்டும்.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரிகிறது. கூலி வேலை பார்த்துக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டில், ஸ்பைக்ஸ் வாங்கக் கேட்கும் பணம் அரிசி வாங்கும் பணம்தான். ஆனால் ஓட்டத்தை நிறுத்தினால் அந்த நேரம் அப்படியே படிப்புக்குப் போய்ச் சேரும் என்று எண்ணுவது தவறு. ஒரு கல்லூரி ஓட்டக்காரரின் பயிற்சி காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். கடும் பயிற்சி எல்லா நாளும் கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். எளிதாக ஓடும் நாட்களில் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். படிப்பைத் தின்பது பெரும்பாலும் வேறு: மீட்டுகளுக்கான பயணம், அதனால் விட்டுப்போகும் வகுப்புகள், இரவு பன்னிரண்டு வரை கைபேசி, அதனால் கெட்டுப்போகும் தூக்கம். தூக்கம் கெட்டால் டைமிங்கும் கெடும், காலை வகுப்பும் கெடும்.

1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதரானார் ரோஜர் பானிஸ்டர். அப்போது அவர் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் மருத்துவ மாணவர். மதிய உணவு இடைவேளையில் பக்கத்துத் திடலுக்குப் போய்க் குறுகிய, கடுமையான ஓட்டங்களை ஓடிவிட்டுத் திரும்புவார். அந்த ஆண்டோடு போட்டி ஓட்டத்தை விட்டு, பின்னாளில் பெயர்பெற்ற நரம்பியல் மருத்துவரானார். இன்றைய உலகத் தரத்துக்கு அந்த அளவுப் பயிற்சி போதாது என்பது உண்மைதான். ஆனால் பல்கலைக்கழக அணியில் ஓடும் ஒருவர் பட்டப்படிப்பை முடிக்கத் தேவையான நேரம் ஒரு நாளில் நிச்சயம் இருக்கிறது.

நம் ஊர் உதாரணமும் உண்டு. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணி, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியால் வளர்க்கப்பட்டவர். மதுரை லேடி டோக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டே ஓடினார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். ஒரு பெண் பிள்ளையை மூன்றாம் ஆண்டில் மைதானத்திலிருந்து வீட்டுக்கு அழைத்துக்கொள்ள நினைக்கும் எவரும், அந்தப் பாட்டி எத்தனை பேரின் பேச்சைத் தாண்டி அவரை ஓடவிட்டார் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ஓட்டக்காரருக்கு டிகிரி பேருக்கு இருந்தால் போதும்.

இதைச் சில மாஸ்டர்களே சொல்கிறார்கள் என்பதுதான் வேதனை. “ஓ.டி. போட்டுக்கலாம், அரியர் அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார்கள். வருகைப் பதிவுக்கு ஓ.டி. உதவும், பாடத்தை அது சொல்லித்தராது. நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வுகளும் பல்கலைக்கழகப் போட்டிகளும் ஒன்றையொன்று ஒட்டி வருவது வழக்கம் என்பதால், அரியர் ஓட்டக்காரர்களிடம் வேகமாகச் சேர்கிறது. அரியர் இருந்தால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டாவிலேயே உயர் நிலைப் பணிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. பி.பி.எட். சேர முடியாது. உடற்கல்வி ஆசிரியராகும் வழி அங்கேயே அடைபடுகிறது. ஓட்டத்தை நேசிப்பவர் ஓட்டத்தோடு இருக்க உதவும் பெரும்பாலான வேலைகள் பட்டத்துக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. 1920-ல் தொடங்கப்பட்டு இன்று சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியும், மேலக்கோட்டையூரில் உள்ள உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகமும் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பயிற்சியாளராக விரும்புவோருக்கு தேசிய விளையாட்டு நிறுவனமான என்.ஐ.எஸ். ஓராண்டு டிப்ளமோ தருகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனை நினைத்துக்கொள்கிறேன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையின் பெயரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு வந்த அவர், பிறகு என்.ஐ.எஸ். டிப்ளமோ முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளப் பயிற்சியாளர் ஆனார். பதக்கத்தைப் பறிக்க முடிந்தவர்களால் அவர் படித்துப் பெற்ற தகுதியைத் தொட முடியவில்லை.

நம்பிக்கை: செலக்‌ஷனுக்கு முன் ஒரே ஒரு ஊசி போட்டால் வேலை கிடைத்துவிடும், பிறகு விட்டுவிடலாம்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டீராய்டில் மாட்டினால் வழக்கமான தடை நான்கு ஆண்டுகள். 21 வயதில் மாட்டுகிறவருக்குத் தடை முடியும்போது வயது 25. ரயில்வே கோட்டாவின் வயது வரம்பும் அதுவே. ஊசியைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு எந்தத் தடையும் வந்து சேராமல் போகலாம். யார் கொடுத்தாலும், உங்கள் மாஸ்டரே கொடுத்தாலும், வாங்காதீர்கள். ஜிம்மில் விற்கும் லேபிள் தெளிவில்லாத பவுடர்களுக்கும் இதே பதில்தான்.

நம்பிக்கை: 22 வயதோடு ஓட்டம் முடிந்தது.

நூறு, இருநூறு மீட்டர் ஓடுபவர்களுக்குக் காலம் கொஞ்சம் குறைவு என்பது சரி. நெடுந்தூரம் ஓடுபவருக்கு இது முற்றிலும் தவறு. இதயமும் தசைகளும் நெடுந்தூரத்துக்குப் பழகப் பல ஆண்டுகள் ஆகும். நல்ல டைமிங் பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியில்தான் வருகிறது. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் தங்கம் வென்ற கேரளத்தின் பிரீஜா ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 28. ரயில்வே ஊழியராக இருந்துகொண்டுதான் ஓடினார். 2022 பெர்லின் மாரத்தானை 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் முடித்து எலியுட் கிப்சோகே உலக சாதனை படைத்தபோது அவருக்கு 37.

22 வயதில் நிஜமாகவே முடிவது ஒன்று உண்டு: கல்லூரி தந்த ஏற்பாடு. மைதானம், மாஸ்டர், மெஸ் சாப்பாடு, மீட்டுக்குப் போக பஸ் கட்டணம், பெயர் பதிந்து அனுப்ப ஓர் அலுவலகம் எல்லாமே ஒரே ஏப்ரலில் நின்றுவிடுகின்றன. அதன்பின் மாநிலப் போட்டியில் ஓட மாவட்டத் தடகளச் சங்கம் வழியாகவோ, அதில் இணைந்த கிளப் வழியாகவோ போக வேண்டும். ஆகவே இறுதி ஆண்டு படிக்கும்போதே உங்கள் மாவட்டச் சங்கத்துக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரெழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்துங்கள். அந்த வாரத்திலேயே பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போய், ஓடிய ஒவ்வொரு ஆண்டுக்கும் தனித்தனியாக ஃபார்ம் 3 கேட்டு வாங்கி, நகலெடுத்து, ஒரு பிரதியை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.