நமக்குப் பின் யார்?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்றவரை வாட்டும் கேள்வி இது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் பெற்றோரின் சட்டப்படியான காப்புரிமை முடிவதைப் பலர் அறியார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது.

1. அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பெறுக.

2. அதனைக் கொண்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மாதாந்திர உதவித்தொகைக்கு மனுச் செய்க.

3. 18 வயது நிரம்பியபின், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம், தாமோ தமக்கு நம்பிக்கையுள்ள வேறொருவரோ காப்பாளராக விண்ணப்பிக்க.

நியமனம் பெற்ற காப்பாளர் 6 மாதத்துள் பிள்ளையின் சொத்துப் பட்டியலையும், பின் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைத்தல் வேண்டும். நம் சங்கத்தைப் போன்றே இங்கும் கணக்கே பாதுகாப்பு. நாம் இருக்கும்போதே ஏற்பாடு செய்வோமாக.