கொய்யாப் பழச்சாறும் அதன் உயிர்ச்சத்தும்

விருந்தினர் வந்தால் கடைக்கு ஆள் அனுப்பிப் புட்டியில் அடைத்த வண்ணப் பானம் வாங்கி வருவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கொல்லையில் கொய்யா பழுத்து, அணிலும் கிளியும் தின்றது போக எஞ்சியது தரையில் உதிர்ந்து கிடக்கும் வீடுகளிலும் இதுவே நடைபெறுகிறது. ஆகையால் அங்கத்தினர்கள் இப்பழத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம்.

கொய்யாவின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. நமது பக்கத்தில் பழனியை அடுத்த ஆயக்குடி கொய்யாவுக்குப் பெயர் பெற்ற ஊர். விலை மலிந்த பழமாதலின் இதனை ஏழைகளின் ஆப்பிள் என்பர். அவ்வாறு கூறுவது கொய்யாவுக்குப் பெருமையன்று. நூறு கிராம் கொய்யாவில் வைட்டமின் ‘சி’ ஏறத்தாழ 200 மில்லிகிராம் உள்ளது. ஆரஞ்சில் 50 அளவே. ஆப்பிளிலோ பத்துக்கும் குறைவு. வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராமும் பெண்ணுக்கு 65 மில்லிகிராமும் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்துள்ளது. நடுத்தரப் பழம் ஒன்றே போதுமென்பது இதனால் விளங்கும்.

இச்சத்து தோலிலும் தோலை ஒட்டிய சதையிலுமே மிகுதி. தோலைச் சீவி எறிபவர் சிறந்த பகுதியை எறிகின்றனர். மேலும் இச்சத்து நிலையற்றது. காற்றும் வெப்பமும் அதனை அழிக்கும். செம்பு பட்டால் அழிவு விரைவுபடும். ஆதலின் செம்புப் பாத்திரமும் ஈயம் பூசாத பித்தளையும் சாறு எடுக்க உதவா. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை ஏற்றவை.

நன்கு முற்றி மணம் வீசத் தொடங்கிய பழமே சாற்றுக்கு உரியது. அளவு கடந்து கனிந்ததில் சத்துக் குறையும். நான்கு பழங்களைக் கழுவித் தோலோடு நறுக்கி, இரண்டு தம்ளர் ஆறவைத்த நீர் சேர்த்து மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டுக. தொடர்ந்து ஓட்டினால் விதை உடைந்து சாறு நறநறக்கும். வடிகட்டுவதற்கு நெருக்கமாக நெய்த துணி ஆகாது, கூழ் அடைத்துக்கொள்ளும். இதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை! கலக்க நெய்த மல் துணியே தக்கது. எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் சுவை கூடும். சத்தும் சற்று நிலைக்கும். காய்ச்ச வேண்டா, எடுத்தவுடன் பருகுக. காலையில் எடுத்ததை மாலை வரை திறந்து வைத்துப் பருகுவதில் பயன் குறைவு.

கேழ்வரகு, கீரை, பயறு முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதற்கு வைட்டமின் ‘சி’ துணைபுரிகிறது. தேநீரோ அதனைத் தடுக்கிறது. தறியடியில் உணவுண்டு உடனே தேநீர் அருந்தும் நம் பெண்மக்கள் பலர் இரத்தசோகையால் வாடுகின்றனர். உணவோடு அரைத் தம்ளர் கொய்யாச் சாறு பருகி, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பது அவர்களுக்கு நன்மை தரும். சோகை முற்றியவர் மருத்துவரிடமே செல்ல வேண்டும், பழச்சாறு மருந்தாகாது. நீரிழிவுடையோர் சாற்றைவிடப் பழத்தைக் கடித்துத் தின்பதே மேல். வடிகட்டும்போது நார் போய்விடுகிறது. சர்க்கரை எவருக்கும் வேண்டுவதில்லை என்பது எமது கருத்து.

தோலில் வடு விழுந்ததென்று வியாபாரிகள் கழித்துத் தள்ளும் பழங்களும், அழுகல் இல்லையாயின், சாற்றுக்குக் குறைந்தவை அல்ல. தோட்டக்கார அங்கத்தினர்கள் அவற்றைப் பாதி விலைக்கு விடுவதினும், நமது பண்டகசாலையில் நிறுத்து வைத்தால் நெசவாளர் குடும்பங்கள் வாங்கிக்கொள்ளும்.