பிளேடுக்குப் போய்ச் சேரும் பெயர்

அரும்பு மீசைப் பையனுக்கு நண்பன் சொல்லும் யோசனை: “தினமும் வழிச்சு விடுடா, ஒரே மாசத்துல கருகருன்னு வந்துரும்.” அதே வீட்டில் அக்காவுக்கு அம்மாவின் எச்சரிக்கை: “முகத்துல பிளேடை வச்சிராதடி, ஆம்பிளை மாதிரி தாடி முளைச்சிரும்.” நம்பிக்கை ஒன்றுதான். தம்பிக்கு ஆசை காட்டுகிறது, அக்காவை மிரட்டுகிறது.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உடற்கூறியல் ஆய்வாளராக இருந்த மில்ட்ரெட் டிராட்டர், ஆண்களைத் தொடர்ந்து ஷேவ் செய்ய வைத்து, விழுந்த முடியைச் சேகரித்து ஆராய்ந்தார். 1928-இல் வெளியான அவரது முடிவு: நிறம், தடிமன், வளரும் வேகம், எதுவும் மாறவில்லை. 1970-இல் இன்னொரு சோதனை. ஐந்து இளைஞர்கள் மாதக்கணக்கில் ஒரு காலை மட்டும் வாரந்தோறும் மழித்தார்கள், மறு காலை அப்படியே விட்டார்கள். இரண்டு கால்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதே ஆண்டு ‘நேச்சர்’ இதழில் பெயர் போடாமல் ஒருவர் எழுதிய குறிப்பு இன்னும் சுவாரசியம். தனித்தீவில் வேலை பார்த்த அவர், எலெக்ட்ரிக் ரேசரில் சேரும் தாடித் துகளை எடை போட்டு வந்தார். துணையைப் பார்க்க ஊர் திரும்பும் நாள் நெருங்கினால் தாடி கூடுதலாக வளர்வதாகக் கண்டார்! ஒற்றை ஆளின் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் அவர் காரணத்தை பிளேடில் தேடவில்லை, ஹார்மோனில் தேடினார். அது சரியான இடம்.

வெளியே தெரியும் முடி உயிரற்ற கெரட்டின். வேர்ப்பை தோலுக்குள் இருக்கிறது, கத்தி அதைத் தொடுவதே இல்லை. பிறகு ஏன் மழித்த இடம் சொரசொரக்கிறது? வெட்டாத முடியின் நுனி கூர்ந்து மெலிந்திருக்கும். பிளேடு அதை நடுத்தண்டில் வெட்டுவதால், மொட்டையான முனை தடவும்போது குத்துகிறது, பார்க்கவும் கறுத்துத் தெரிகிறது. அவ்வளவுதான். மீசை விஷயத்தில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. பையன்கள் ஷேவ் செய்யத் தொடங்கும் வயதும் ஆண் ஹார்மோன் பூனை முடியைத் தடித்த முடியாக மாற்றும் வயதும் ஒன்றே. வேலை ஹார்மோனுடையது, பெயர் ஜில்லெட்டுக்கு.

குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் மொட்டையடித்த குழந்தைக்கும் இதே கதைதான். பிறந்தபோது இருந்த மெல்லிய முடி சில மாதங்களில் தானே உதிர்ந்து, அடுத்து வருவது தடிமனாகவே வரும். நேர்த்திக்கடனுக்கு முடி கொடுக்கட்டும், அடர்த்தி வேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்ப மொட்டை போட வேண்டியதில்லை. ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து முளைக்கும் என்பதும் சும்மா. ஒரு வேர்ப்பையில் பிடுங்கினால், பக்கத்து வேர்ப்பையின் முடி அதனால் நரைத்துவிடாது.

உண்மையான நஷ்டம் பெண்களுக்குத்தான். தாடையிலும் மேலுதட்டிலும் புதிதாகத் தடித்த முடி வந்தால், “அன்னிக்கு ஷேவ் பண்ணினதாலதான்” என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கூடவே மாதவிடாய் தள்ளிப்போகிறதா, முகப்பரு அதிகமா என்று யாரும் கேட்பதில்லை. இவை சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். போக வேண்டிய இடம் மருத்துவரிடம். கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் ஹார்மோனை மாற்றாது. இடைக்காலத்தில் அந்த முடியை ரேசரால் எடுப்பதில் தவறே இல்லை.

முடியை விட்டுவிட்டுத் தோலைக் கவனிக்கலாம், ஷேவிங் கெடுப்பது அதைத்தான். எனக்குக் கழுத்து முடி சுருண்டு வளரும். எதிர்த்து மழித்தால் மறுநாள் சிவந்த கட்டிகள் கிளம்பும், வெட்டுப்பட்ட முனை வளைந்து தோலுக்குள்ளேயே புகுவதால். குளித்தவுடன், முடி ஊறியிருக்கும்போது, வளரும் திசையிலேயே இழுப்பது எனக்குக் கைகொடுத்தது. தோலை இழுத்துப் பிடிப்பதையும் மழுங்கிய பிளேடை அழுத்துவதையும் விட்டபின் எரிச்சலும் குறைந்தது. வழவழப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சலூனில் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்துப் போடச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஹெபடைடிஸ் பி கிருமி கண்ணுக்குத் தெரியாத ரத்தத்துளியிலும் பரவும். பல முகங்களில் தேய்ந்த படிகாரக்கல்லை நீட்டினால், நான் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.