ஒளி குன்றினும் ஊக்கம் குன்றாதார்

அமெரிக்க நாட்டினரான மேனார்டு ஹில் என்பார், மாதிரி விமானங்கள் இயற்றுவதில் வாழ்நாள் முழுதும் ஈடுபட்டவர். முதுமையில் அவர்தம் கண்ணொளி பெரிதும் மங்கிற்று, செவிப்புலனும் குன்றிற்று. எனினும், மேற்கொண்ட கலையை அவர் கைவிட்டாரில்லை. மெல்லிய பால்சா மரத்தை விரல்களால் தடவியுணர்ந்து விமானம் சமைத்தார். கண்ணால் கண்டு செய்யவேண்டிய பணிகளை நண்பர்கள் ஏற்றனர். அட்லாண்டிக் கடலைக் கடக்க அவர் விடுத்த விமானங்கள் பல இடையே வீழ்ந்தன. அவர் உளம் தளர்ந்திலர்.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், 5 கிலோகிராமுக்கு மேற்படாத சிறு விமானமொன்று நியூபவுண்ட்லாந்துக் கரையினின்று எழுந்தது. ஏறத்தாழ 39 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, அது அயர்லாந்தை அடைந்தது. அப்போது ஹில்லுக்கு வயது 77. புலன்கள் தளரலாம், பயின்ற கையும் துணிந்த நெஞ்சும் தளர்வதில்லை.